பேச்சிராஜ் குறைக்கப் பார்த்த கமிஷன்

பேச்சிராஜுக்கு உலகமே கமிஷன் கடைதான். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் பிச்சியும் மல்லியும் ஏலம் விட்டுப் பிழைக்கிறவன். டாக்டர் மாத்திரை எழுதினாலும், வாத்தியார் நல்ல காலேஜ் சொன்னாலும், "இவனுக்கு அதுல எவ்வளவு?" என்று உதட்டைப் பிதுக்குவான். கூடப் பிறந்த மாரித்தாய்க்கு அந்த உதட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பாருங்கள், ஆபத்துக்கு அவனிடம்தான் போய் நின்றாள்.

அவள் புருஷன் துரைப்பாண்டி மலேசியாவில் ஓட்டல் வேலைக்குப் போனவன். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு துரத்திவிட்டான். அப்படிப்பட்டவர்கள் ஜெயிலுக்குப் போகாமல் ஊர் திரும்ப, அந்த அரசாங்கம் மாசக் கடைசிவரை தவணை கொடுத்திருந்தது. துரைப்பாண்டி போன் போட்டான். மாரித்தாய் போனை அண்ணனிடம் நீட்டினாள்.

"மச்சான், ஊருக்கு வர பேப்பர் வேணும்னா ஹை கமிஷன்தானாம். கூட இருக்கவன் சொல்லுதான்."

"ஹை கமிஷனா? எடுத்த எடுப்புலயே ஹை கமிஷன் குடுக்க நாம என்ன கேனப்பயலுவளா மாப்ள? லோ கமிஷன்ல முடிக்கிற ஆளை நான் பாக்குதேன். அதுவரைக்கும் அசையாதீங்க."

குருடன் கையைக் குருடன் பிடித்த கதைதான். அந்த மனுஷனும் நம்பி அசையாமல் கிடந்தான். இவன் ஆள் தேடிக்கொண்டே இருந்தான். தவணை முடிந்த மறுநாள் போலீஸ் துரைப்பாண்டியைப் பிடித்து முகாமில் அடைத்தது.

கலெக்டருக்கு மனு அடிக்க, மாரித்தாய் அண்ணனை இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். நடந்ததைக் கேட்டு, அங்கே மனு அடித்துக் கொடுக்கும் எப்சிபா தலையில் கை வைத்தாள்.

"அண்ணாச்சி, ஹை கமிஷன்னா நம்ம நாட்டுத் தூதரகம். வெள்ளக்காரன்ட்ட அடிமையா கெடந்த நாடுவ சேந்து காமன்வெல்த்னு ஒரு சங்கம் வச்சிருக்கு. அதுக்குள்ள தூதரகத்துக்கு அப்படித்தான் பேரு."

அப்போதாவது அவன் தலை குனிந்திருக்கலாம். உதடுதான் பிதுங்கியது.

"ஒண்ணா அடி வாங்குனவனுக்குச் சங்கமா? தலைவரு யாரு?"

"இங்கிலாந்து ராஜாதான்."

"அடிச்ச வீட்டுக்காரனேவா? மானங்கெட்ட சங்கம்." சிரிக்க வேறு செய்தான்.

மாரித்தாய்க்கு அந்தச் சிரிப்பு அருவருப்பாக இருந்தது. "மானங்கெட்டதாவே இருக்கட்டும். அவங்க கதவைத் தொறந்துதான் வச்சிருந்தாங்க. நீதான அவரப் போவவிடல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மனுவுல ஒங்க சொந்தக்காரங்க பேரு கேட்டிருக்கு, என்ன போட?" என்றாள் எப்சிபா.

"யாரும் இல்லன்னு போடு தாயி. அண்ணன்னு ஒருத்தன் இருந்தான், அவனும் இல்லன்னு போடு."