அக்கா வைத்த சந்தனமும் நான் வாங்கிய மல்டி பிளக்கும்

போன வாரம் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. கடலூரிலிருந்து அக்காவின் போன். அந்த நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். வெள்ளிக்கிழமை என்றால் வீடு துடைப்பது, விளக்கேற்றுவது என்று பத்து மணி வரை அவளைப் பிடிக்கவே முடியாது.

“தம்பி... நீ வாங்கிக் குடுத்த அந்த பிளக்கு டப்பா எரிஞ்சு போச்சுடா. மெஷின் நின்னு போச்சு. மாமாவுக்கு மூச்சு வாங்குது. சிலிண்டர மாட்டி, ஆட்டோல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். சீக்கிரம் கெளம்பி வா.”

அவ்வளவுதான். கட்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போனேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஏறிய பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டரை மனசுக்குள் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்? புதுச்சத்திரத்தில் ஒருவர் இரண்டு மூட்டையை ஏற்றுவதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். முப்பது வருஷம் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். உமித் தூசியோ, வேறெதுவோ... நுரையீரல் சுருங்கிவிட்டது. ஒன்றரை வருஷமாக வீட்டில் ஆக்சிஜன் மெஷின். அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, வடிகட்டி, ட்யூப் வழியாக மூக்குக்கு அனுப்பும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓட வேண்டும். சிலிண்டர் ஒன்றும் உண்டு, அவசரத்துக்கு. மற்றபடி, கரண்ட் இருந்தால் மாமா இருக்கிறார். விஷயம் அவ்வளவுதான்.

அவர்கள் இருப்பது வாடகை வீடு. மாமா படுத்திருக்கும் அறையில் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அந்த ஒற்றைப் பாயிண்டுக்குத்தான் எத்தனை வேலை! மெஷின், நெபுலைசர், டேபிள் ஃபேன், ஆவி பிடிக்கக் கெட்டில், இரண்டு போன்.

அதற்காகத்தான் அந்த மல்டி பிளக்கை வாங்கினேன். சிதம்பரத்தில், தேர்த் திருவிழாச் சமயத்தில் கீழ வீதியில் போட்டிருந்த ஒரு தற்காலிகக் கடையில். சுவர்ப் பாயிண்டில் நேராகச் சொருகிவிடலாம். ஐந்து சாக்கெட். மூன்று யூ.எஸ்.பி. போன் வைக்க மேலே ஒரு குட்டித் தட்டு. நீலக் கலரில் ஒரு லைட். அந்த லைட்டில்தான் விழுந்தேன் என்று நினைக்கிறேன். வாங்கியதோடு விட்டேனா? ஞாயிறு பேப்பரில் நான் எழுதும் இதே பத்தியில் ஒரு வாரம் முழுக்க அதைப் புகழ்ந்து எழுதினேன். ‘எட்டுத் தலைவலிக்கு ஒரே மாத்திரை’ என்று தலைப்பு வேறு. தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மறந்து தொலைத்திருந்தால் நல்லது.

ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு மாஸ்க் போட்டிருந்தார்கள். உதட்டில் இன்னும் லேசாக நீலம். என்னைப் பார்த்ததும் கையை மட்டும் தூக்கி, ‘ஒண்ணும் இல்ல மச்சான்’ என்பதுபோல ஆட்டினார். பேச முடியவில்லை.

அக்கா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வைத்த குங்குமம் வியர்வையில் மூக்கு வரை வழிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

“நான்தான்டா... நான்தான் அவுங்களக் கொல்லப் பாத்தேன்.”

“என்னக்கா சொல்ற?”

“சந்தனம் வெச்சேன்டா. மெஷினுக்கும் அந்த டப்பாவுக்கும். வாராவாரம் வெப்பேன். இன்னிக்குக் கொஞ்சம் தண்ணி ஜாஸ்தியா கொழச்சுட்டேன். வெச்சு ரெண்டு நிமிஷம்கூட ஆவல, குப்புனு பொகை. உள்ள எறங்கிடுச்சு போலருக்கு.”

நம் வீடுகளில் ஆயுத பூஜைக்குச் சுவிட்ச் போர்டுக்குக்கூடப் பொட்டு வைப்போம் இல்லையா? மிக்ஸி, மோட்டார், பைக்... எது நமக்கு உழைக்கிறதோ அதற்கு ஒரு பொட்டு. அக்கா அதை வாராவாரம் செய்துகொண்டிருந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, சாமி படத்துக்கு வைத்த கையோடு, மெஷினுக்கும் அதற்குக் கரண்ட் தரும் டப்பாவுக்கும்.

“ஏன்க்கா கரண்டுல போயி...” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“அதுக்கு வெக்காம வேற எதுக்குடா வெப்பேன்? அதுதானே அவுங்களுக்கு மூச்சு குடுக்குது!”

 இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

மத்தியானம் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். புதுப்பாளையத்திலிருந்து வயர்மேன் அந்தோணியை வரச் சொல்லியிருந்தேன். அறை முழுக்கப் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். சுவரில் ஒரு முழ உயரத்துக்குக் கரி. ஜன்னல் திரையின் ஓரம் பொசுங்கியிருந்தது. அக்கா ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி மெயினை இறக்கியிருக்கிறாள். இல்லாவிட்டால்... ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்த அறை அது. மேலே யோசிக்க முடியவில்லை.

அந்தோணி டப்பாவைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பாதி உருகி, பழுப்பாகி இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி இரண்டாகப் பிரித்தார்.

“யாரு சார் சந்தனம்னு சொன்னது? சந்தனம் இதோ மேல காஞ்சு அப்டியே இருக்கு பாருங்க. உள்ள ஒரு சொட்டு எறங்கல. எரிஞ்சது இந்தாண்ட ஓரம். இதுல என்னா சொருவியிருந்தீங்க?”

கெட்டில். மாமாவுக்கு ஆவி பிடிக்க அக்கா அப்போதுதான் ஆன் பண்ணியிருந்தாள்.

“அதான் சார். கெட்டிலு இழுக்கிற கரண்டு ஜாஸ்தி. இந்த டப்பா தாங்குறதே ஆறு ஆம்ப்ஸ். அதுவும் நெசமா தாங்குனா. கெட்டில் ஒண்ணே அத முழுங்கிடும். கூட மெஷின், ஃபேன் எல்லாம் ஓடுது. உள்ள இருக்குற தகட்டப் பாருங்க...”

பார்த்தேன். பித்தளை என்று பேர். பீடிக்கட்டு லேபிள் கனம்கூட இல்லை. எல்லா நாட்டுப் பின்னும் நுழையும் என்று நான் மெச்சிய அந்த ஓட்டைகளில் எந்தப் பின்னும் இறுகி உட்காரவில்லை. லூசாக ஆடும், ஆடினால் சூடாகும். மூன்றாவது ஓட்டை, அதுதான் எர்த் பின் போகிற பெரிய ஓட்டை... அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் பிளாஸ்டிக். யூ.எஸ்.பி. பக்கம் நகத்தளவு ஒரு போர்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை என்று நான் நினைத்திருந்தது சும்மா ஒரு முக்கோணம், உள்ளே இரண்டு கோடு. ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவையாவது அதைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா நான்?

“கெட்டில இதுல சொருவலாம்னு யாரு சார் அவுங்களுக்குச் சொன்னது?”

நான்தான். வாங்கிக் கொடுத்த அன்றைக்கு, “இனிமே எல்லாத்தையும் இதுலயே சொருகுக்கா, எத்தன ஓட்டை இருக்கு பாரு!” என்று பெரிய மனுஷன்போலச் சொல்லிவிட்டு, அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“என்னடா சொன்னாரு?”

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் தெரியுமா?

“ஏதோ ஷார்ட் சர்க்யூட்டுக்கா.”

“சந்தனத் தண்ணிதானே?”

நான் தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா... எனக்கே தெரியவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சீ, என்ன மனுஷன் நான்!

திங்கட்கிழமை மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். டாக்டர் ‘பரவாயில்லை’ என்றார். ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லவில்லை. அப்போதைக்குச் சிலிண்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று சிதம்பரத்தில் மேல வீதியில் ஏறி இறங்கினேன். நான்கு கடை. “இது சேஃபா?” என்று கேட்டால் நான்கு பேரும் ஒரே பதில்தான். “எல்லாமே சேஃப்தான் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க.” இதற்கு எத்தனை ஆம்ப்ஸ் என்று கேட்டால், டப்பாவைத் திருப்பி என்னையே படிக்கச் சொல்கிறார்கள். ஒரு கடைக்காரர் கொஞ்சம் கோபமாகவே, “போன் சார்ஜ் போடத்தானே சார்? அதுக்குப் போயி இவ்ளோ கேள்வியா?” என்றார். போன வருஷம் இதில் ஒரு கேள்வியையாவது கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

கடைசியில் அந்தோணிக்கே போன் போட்டேன்.

“சார், மொத விஷயம், மெஷின எந்த டப்பாவுலயும் சொருவாதீங்க. அதுக்குத் தனியா பெரிய பாயிண்ட் ஒண்ணு இழுத்துத் தரேன். கெட்டில் அடுப்படிக்குப் போயிடணும். போனுக்கும் ஃபேனுக்கும் மட்டும் நீங்க கேக்குற யூ.எஸ்.பி. டப்பா. ஐ.எஸ்.ஐ. மார்க்குக்குக் கீழ நம்பர் இருக்கணும். கையில தூக்குனா கனம் தெரியணும். பின்னைச் சொருவுனா இறுக்கமா போவணும். அரை மணி நேரம் ஓட விட்டுத் தொட்டுப் பாருங்க. சூடு வந்தா தூக்கிப் போட்டுடுங்க, யோசிக்காதீங்க.”

அப்படியே வாங்கினேன். கனமானது. நீல லைட் இல்லாதது. புதன்கிழமை அந்தோணி வந்து புதுப் பாயிண்ட் போட்டார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட விட்டாரா? பையிலிருந்து ஒரு பல்பை எடுத்து, இரண்டு ஒயரில் ஒன்றை லைனிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தார்.

பல்பு எரியவில்லை.

“வீட்டுக்கே எர்த் இல்ல சார். கரண்டு கசிஞ்சா மண்ணுக்கு எறங்க வழியே இல்ல. எர்த் குழி எங்க இருக்கு?”

அக்கா சொன்னாள். வாசலில் இருந்ததாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டு ஓனர் கார் நிறுத்த பேவர் பிளாக் கல் போட்டாராம். குழி அதற்கடியில் போய்விட்டது. கம்பியை அறுத்துவிட்டார்களா, புதைத்துவிட்டார்களா, யாருக்கும் தெரியாது. ஓனருக்குப் போன் செய்தேன். “இத்தன வருஷமா யாருக்கும் ஷாக் அடிக்கலியே சார்? நல்லா இருக்குற தரைய ஒடைக்கச் சொல்றீங்க. பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்” என்றார். மாமாவின் நுரையீரலைப் பற்றிச் சொன்னேன். “அடடா” என்றார். அதோடு சரி.

இதற்கு மேல் நான் என்ன எழுத? ஊரிலேயே நல்ல டப்பாவைத் தேடிப் பிடித்து மாட்டியாகிவிட்டது, அது சொருகியிருக்கும் சுவருக்கு எர்த் இல்லை. வேறு வீடு பார்க்கலாம் என்றால், ஆக்சிஜன் மெஷினோடு வருகிறவர் என்றதும் முகம் மாறுகிறது. இரண்டு இடத்தில் கேட்டுவிட்டேன். மழை வேறு ஆரம்பிக்கப் போகிறது. கடலூர் மழை, கேட்கவே வேண்டாம். இந்த வயசில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை எழுதுவது. அதை நம்பித்தான் அந்த பிளக்கு டப்பாவை நாலு பேர் வாங்கினார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர், எந்தக் கடை என்று போனில் விசாரித்து, இரண்டாக வாங்கிப் போனார். ஐயா, நீங்கள் இதைப் படித்தால், பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய் முதலில் அதைக் கழற்றுங்கள். தயவுசெய்து.

இந்த வாரம் வெள்ளிக்கிழமை கடலூரில்தான் இருந்தேன். அக்கா குளித்தாள், விளக்கேற்றினாள். சந்தனக் கிண்ணத்தை எடுக்கவே இல்லை. நிலைப்படிக்குக்கூட வைக்கவில்லை. மெஷின் வெறும் நெற்றியோடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டடி தள்ளி நின்று, அதைத் தொடப் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  அப்போதாவது சொன்னேனா? இல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பி வந்துவிட்டேன்.

வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் வாக்கியங்கள் ஏன் இத்தனை சின்னதாக இருக்கின்றன என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டைல் எல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா மூக்கில் ட்யூபோடு இந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். அவருடைய ஒரு மூச்சுக்குள் ஒரு வரி முடிய வேண்டும். ஒன்றரை வருஷமாக அந்தக் கணக்கில்தான் எழுதுகிறேன்.

இந்நேரம் அவர் இதையும் படித்துக்கொண்டிருப்பார். மாமா, கொஞ்சம் நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த வரியை மட்டும் எனக்காக நடுவில் நிறுத்தாமல் படித்துவிடுங்கள்.

அக்கா, உன் சந்தனம் உள்ளே ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை, எரிந்தது நான் வாங்கிய டப்பா, அதில் எல்லாவற்றையும் சொருகச் சொன்னவனும் நான்தான்.