இருபத்தேழாவது படிக்கு மேலிருந்த வரி

“இந்தப் பேப்பர எழுதுனது ஆரு?” என்று கேட்டார் எங்கள் முதலாளி தண்டாயுதபாணி.

“நானுங்க,” என்றார் சென்னிமலை.

“முப்பத்தொரு படி. இதப் பாத்துச் செஞ்சா எவன் லேப்டாப்புலயும் நம்ம சாப்ட்வேர் ஓடும்னு சொன்னது நீதான?”

“ஆமாங்க.”

“ஓடுச்சு. நாப்பத்திரண்டு வண்டியோட பதினோரு நாள் விவரத்தத் தொடச்சுட்டு ஓடுச்சு.”

மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளியின் மகன் அறிவு நின்றிருந்தான். கோவையில் படிப்பை முடித்துவிட்டு அலுவலகத்துக்கு வரத் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. “நான் இதுல இருக்கறதத்தானுங்கப்பா அடிச்சேன். இருபத்தேழாவது படியப் பாருங்க. கமாண்டுக்கு மேல ஒரு எச்சரிக்கை இருக்குதா? மொட்டையா நிக்குது.”

சென்னிமலை தாளை வாங்கினார். இருபத்தேழாவது படியைப் பார்த்தார். ஒரு பக்கம் பின்னால் புரட்டி இருபதாவது படியையும் பார்த்தார். பிறகு தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

தண்டாயுதபாணி என் பக்கம் திரும்பினார். “ஏனம்முணி, இங்கிலீசுக்கு மாத்துனது நீதான? ஏதாச்சும் உட்டுப்போச்சா?”

“இல்லீங்க சார். இருந்ததத்தான் எழுதுனேன்.”

“அப்பறம் என்னடா?” என்று சென்னிமலையைக் கேட்டார்.

“என்ற தப்புதானுங்க.”

“ரிக் வண்டியில கெடந்தவனுக்குச் சேர் போட்டுக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லோணும். நாளையில இருந்து வராத.”

“சரிங்க.”

சென்னிமலை தன் லேப்டாப்பை மூடி என் மேசையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். காலை பதினொன்றரை மணி. பையில் சோறு அப்படியே இருந்தது.

எங்கள் அலுவலகம் திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் இந்த ஊரிலிருந்து சத்தீஸ்கர், ஒடிசா வரைக்கும் போகின்றன. வண்டி எங்கே நிற்கிறது, இன்றைக்கு எத்தனை அடி போட்டது, வண்டியில் ஆட்கள் யார் யார் என்று உரிமையாளர்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு வலைச் செயலி. அதுதான் எங்கள் தொழில். தண்டாயுதபாணியும் முன்பு ரிக் வைத்திருந்தவர். அலுவலகத்தையும் வண்டி மாதிரியே நடத்துவார். நிரல் எழுதுகிறவர்களை டிரில்லர் என்பார். சென்னிமலையை ஹெல்பர் என்பார். பார்ட்டிகள் வந்து உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்.

சென்னிமலைக்கு எலச்சிபாளையம் பக்கம். பத்தொன்பது வயதில் ரிக்கில் ஏறி ஏழு வருடம் வேலை பார்த்தவர். இடது கையில் மோதிர விரல் பாதிதான் உண்டு. அவர் இருந்த வண்டியில், துளைக்குள் காற்றைத் திறப்பதற்கு முன்னால் “காத்து” என்று மூன்று முறை கத்த வேண்டும் என்பது வழக்கம். முதல் சத்தம் இஞ்சின் இரைச்சலில் போய்விடும். இரண்டாவதுக்கு ஆள் நிமிர்வான். மூன்றாவதுக்குத்தான் கையை எடுப்பான். ஒரு நாள் டிரில்லர் ஒரே ஒரு முறை கத்திவிட்டுத் திறந்துவிட்டான்.

விரல் ஆறும்வரை வீட்டில் இருந்தபோது, ஈரோட்டில் வாங்கிய ஒரு பழைய லேப்டாப்பில் விண்டோஸ் ஏறாமல் லினக்ஸ் ஏற்றிப் பார்த்திருக்கிறார். தொடக்கம் அவ்வளவுதான். இருபத்தெட்டாவது வயதில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நான் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தாறு.

புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரின் லேப்டாப்பிலும் உபுண்டு என்ற லினக்ஸை ஏற்றி, எங்கள் செயலிக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் அதனதன் சரியான பதிப்பில் நிறுவி, டேட்டாபேஸ் வைத்து, உலாவியில் செயலி திறக்கும்வரை கொண்டுவந்து விடுவது அவர் வேலை. தானாகச் செய்துகொள்ளப் பார்த்தவர்கள் இரண்டு நாள் திணறியிருக்கிறார்கள். என்னுடையதை அவர் பதினோரு மணி டீக்கு முன்னால் முடித்துவிட்டார்.

“நாலு கமாண்டு அடிச்சாப் போதும்னு நெட்டுல போட்டிருந்துதே?” என்று கேட்டேன்.

“அது போட்டவன் மெஷினுக்குங்க அம்முணி. அவன் மெஷினும் உங்க மெஷினும் என்ன பங்காளிகளா, அங்க ஒத்துக்கிட்டா இங்கயும் ஒத்துக்கறதுக்கு?”

டிரில்லர்கள் தங்கள் நிரலில் வரும் பிழைகளையும் அவரிடம் தள்ளிவிடுவார்கள். திருத்திக் கொடுப்பார். திருத்தம் அவர்கள் பெயரில் போகும். அவருக்கு ஒரு ஆசை இருந்தது. டெவலப்பர்கள் பட்டியலில் தன் பெயர் வர வேண்டும். எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தண்டாயுதபாணி ஒரு வார்த்தை சொன்னார்: “நீ செய்யறத எல்லாம் இங்கிலீசுல பேப்பரா போட்டுக் குடு. சேத்தறலாம்.”

அவர் தமிழில் எழுதினார். முப்பத்தொரு படி. இரண்டு மொழியிலும் படித்தவள் என்று மொழிபெயர்ப்பு என்னிடம் வந்தது.

செயலி எந்த டேட்டாபேஸைத் திறக்க வேண்டும் என்ற முகவரி ஒரு சிறிய கோப்பில் இருக்கும். வேலை பழகுகிறவர் தன் லேப்டாப்பில் உள்ள டேட்டாபேஸின் முகவரியை அதில் எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கோப்பு, உண்மையான சர்வரின் முகவரியோடேயே எல்லோருக்கும் வந்துகொண்டிருந்தது. பார்ட்டிகள் வந்தால் எந்த லேப்டாப்பைத் திறந்தாலும் நிஜ வண்டி ஓடுவது தெரிய வேண்டும் என்பது தண்டாயுதபாணியின் உத்தரவு. மாற்றிவிடலாம் என்று சென்னிமலை இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். “பொம்மை வண்டியக் காட்டுனா எவன்டா வாங்குவான்?” என்று பதில் வந்தது.

அதனால் அவர் தன் குறிப்பில் ஒரே வரியை மூன்று இடங்களில் எழுதியிருந்தார். ‘முகவரி உங்கள் லேப்டாப்புடையதா என்று பாருங்கள். இல்லையென்றால் இங்கேயே நில்லுங்கள்.’ ஒன்பதாவது படிக்கு மேலே ஒன்று, இருபதாவதுக்கு மேலே ஒன்று, இருபத்தேழாவதுக்கு மேலே ஒன்று. இருபத்தேழாவது படியில் இருக்கும் கட்டளை, டேட்டாபேஸில் உள்ளதை முழுக்கத் துடைத்துவிட்டுப் பழகுவதற்கான மாதிரி விவரங்களை நிரப்பும்.

நான் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிட்டேன். ஒரே வரி மூன்று முறை வருவது எழுதத் தெரியாதவர் எழுதியதுபோல் எனக்குத் தோன்றியது. “பெரிய கம்பெனிக்காரன் எழுதுனாப்பல இருக்குது,” என்று தண்டாயுதபாணி என்னைப் பாராட்டினார். சென்னிமலை பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று அவர் வாசித்துப் பார்க்கவில்லை. என்னிடம் கொடுத்தாகிவிட்டது என்று இருந்துவிட்டார்.

அடுத்த வாரம் அறிவு வந்தான். அவன் லேப்டாப்பைத் தயார் செய்ய சென்னிமலை நாற்காலியை இழுத்துப் போட்டபோது, “பேப்பர்தான் இருக்குதுல்ல. நானே பண்ணிக்கறேன், ஹெல்பர் எதுக்கு?” என்றான். கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிக்கொண்டே போனான். ஒன்பதாவது படியில் இருந்த எச்சரிக்கையை அவன் படித்திருக்கலாம், படிக்காமலும் போயிருக்கலாம். இருபத்தேழில் அவனை நிறுத்த எதுவும் இல்லை. சற்று நேரத்தில் எல்லா போன்களும் அடிக்க ஆரம்பித்தன. உரிமையாளர்களின் திரையில் அவர்களுடைய வண்டிகள் காணாமல் போய், ‘மாதிரி வண்டி ஒன்று’, ‘மாதிரி வண்டி இரண்டு’ என்று ஓடிக்கொண்டிருந்தன. சர்வரின் நகல் எடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது; அதற்குப் பிறகு பதிவானது எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் அந்த அறையில் நாங்கள் நால்வரும் நின்றோம். தமிழில் எழுதிய குறிப்பு சென்னிமலையின் லேப்டாப்பிலேயே இருந்தது. திறந்து காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் காட்டவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள நானும் போகவில்லை.

மறுநாள் முகவரிக் கோப்பை நான் மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. யாரும் மறுப்புச் சொல்லவில்லை. எடுத்த இரண்டு வரிகளையும் அவை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டேன். ஏன் போட்டாய் என்றும் யாரும் கேட்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் அந்தத் தாளைப் பார்த்துத் தாங்களே தயார் செய்துகொள்கிறார்கள். அவருடைய இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தபோது, ராய்ப்பூர் பக்கம் நிற்கும் ஒரு வண்டியின் ஆட்கள் பட்டியல் கண்ணில் பட்டது. நான்காவது பெயர் சென்னிமலை. எதிரே ஹெல்பர் என்று இருந்தது. முந்தின நாள் அந்த வண்டி அறுநூற்று நாற்பது அடி போட்டிருந்தது. அவருடைய போன் எண்ணும் அங்கேயே இருக்கிறது. நான் கூப்பிடவில்லை. ஆனால் தினமும் அலுவலகத்துக்கு வந்ததும் அந்த வண்டி இன்றைக்கு எத்தனை அடி என்று ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.

குறிப்பை என்னிடம் கொடுத்த அன்று அவர் கையில் டீ இருந்தது. என் மேசை ஓரத்தில் தாள்களை வைத்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே சொன்னார்:

“இங்கிலீசு உங்க இஷ்டமுங்க அம்முணி. நான் எழுதுனது சிரிப்பா இருந்தா நல்லபடியா மாத்திக்கங்க. அந்த ஒரு வரி மட்டும் மூணு எடத்துலயும் இருக்கோணுமுங்க. எடுத்துப்போடாதீங்க.”