சிவந்தி கேட்ட ஐந்து ரூபாய்

திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி புகையைச் சட்டியில் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, மாஜிஸ்திரேட் மேசைமேல் வைத்துத் திறந்துவிட்டாள் என்று ராயபுரம் முழுக்கப் பேச்சு. மாஜிஸ்திரேட் இருமிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாராம். இருமவில்லை, தும்மினார் என்று முடிதிருத்தகத்தில் ஒருவர் திருத்தினார். சாட்சிகள் முரண்பட்டதால் நேரில் விசாரிக்கப் போனேன்.

சட்டி பொய். கூடைதான். அதற்குள் இருந்தது கருவாடு.

கூடைக்காரி பெயர் சிவந்தி. எம்டன் கப்பல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த வருஷம் பிறந்தவள். அந்தப் புகைக்கு ஜெர்மன்காரனிடம் யாரும் அபராதம் கேட்கவில்லை. புருஷன் குமாரவேல் கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். கோர்ட்டுப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டார். அவர் கொண்டுவரும் மீனை உப்பிட்டு மணலில் காயப்போட்டு, வண்ணாரப்பேட்டை வியாபாரி கலீலுல்லாவிடம் விற்பது சிவந்தியின் வேலை. அவர் அதைக் கொழும்புக்கு ஏற்றுவார். வீட்டில் உலை கொதிப்பது அந்தப் பணத்தில்.

குப்பத்துக்கு மேற்கே ஓர் எண்ணெய்க் கம்பெனியின் கிடங்கு. தொட்டிகளைக் கழுவும்போது அடியில் தங்கும் கசடை மதிலுக்கு வெளியே குழியில் கொட்டிக் கொளுத்துவார்கள். மாலையில் கொளுத்தினால் கடல்காற்று புகையை ஊருக்குள் தள்ளும். அங்கே பங்களாக்கள் உண்டு. காலையில் கொளுத்தினால் கரைக்காற்று புகையைக் குப்பத்தின் மேல் தள்ளும்; அங்கே கருவாடு மட்டும்தான் உண்டு. ஆகவே காலையில் கொளுத்தினார்கள்.

கலீலுல்லா ஒரு வாளைக் கருவாட்டை மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா சிவந்தி, இது கருவாடா, லாந்தர் திரியா? இன்னொரு தபா இந்த வாசன வந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்."

சிவந்தி நேரே கிடங்குக்குப் போனாள். சூப்பிரண்டு சுப்புராயன் நல்ல மனிதர். "புகைக்கு நான் என்னம்மா கடிவாளமா போட முடியும்?" என்று சிரித்து அனுப்பினார். அவள் கூடையோடு கோர்ட்டுக்குப் போனாள். காற்றைக் கெடுத்த குற்றத்துக்குக் கம்பெனிக்கு ஐம்பது ரூபாய் அபராதம் விழுந்தது.

தீர்ப்பு முடிந்தும் சிவந்தி கோர்ட்டு வாசலைவிட்டு நகரவில்லை. குப்பத்துப் பஞ்சாயத்தில் அபராதம் போட்டால் பாதி கோயிலுக்கு, பாதி நஷ்டப்பட்டவருக்கு. இங்கும் அப்படித்தான் என்று நினைத்து மடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது சர்க்காருக்கும்மா, போ," என்றார் குமாஸ்தா.

"சர்க்காரு எந்த மணல்ல மீன் காயப்போட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள்.

அடுத்த வாரமே குழி மறுபடி புகைந்தது. கேட்கப் போனவளிடம் சுப்புராயன் ரசீதைக் காட்டினார். "கட்டியாச்சே அம்மா." லைசென்ஸ் எடுத்தாயிற்று என்கிற நிம்மதி அவர் குரலில் இருந்ததாம்.

சிவந்தி அன்று சாயங்காலமே குப்பத்துப் பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னாள். தலைவர் கோதண்டம் தயங்கினார்.

"அவுரு நம்ம ஆளு இல்லியே."

"புக நம்ம ஊட்டுக்குத்தானே வர்து? அத மட்டும் வெளியாளுன்னு திருப்பி அனுப்புனியா, மாமு?"

கோதண்டம் பஞ்சாயத்தைக் கூட்டினார். சுப்புராயனுக்கு ஐந்து ரூபாய் அபராதம் போட்டார்கள். கட்டும்வரை குப்பத்தார் யாரும் அந்த ஆளுக்கு நெருப்புக் கொடுக்கக் கூடாது. அது பழைய கட்டுப்பாடு. "இன்னா, உன் அடுப்புல வந்து கொள்ளி கேக்கப் போறாரா?" என்று குமாரவேலே கிண்டல் செய்தார்.

எண்ணெய்க் கிடங்குக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. சூப்பிரண்டு ஆனாலும் வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். காவலாளி ரங்கன் குப்பத்து மாப்பிள்ளை. மறுநாள் சுப்புராயன் சிகரெட்டும் கையுமாக வெளியே வந்து தீப்பெட்டி கேட்டார்.

"குடுக்கக் கூடாது சார். கட்டுப்பாடு."

"அது என் தீப்பெட்டிடா."

"பெட்டி உங்கள்து சார். கை என்து."

எதிரே டீக்கடை வைத்திருந்த புஷ்பவல்லியும் குப்பத்துக்காரிதான். பீடி பற்றவைக்கத் தொங்கவிட்டிருந்த நெருப்புக் கயிற்றை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள்.

சிகரெட் இல்லாமல் சுப்புராயன் இருந்துவிடுவார். குழிதான் அவரை மடக்கியது. கசடைக் கொளுத்தும் கூலிகள் அத்தனை பேரும் குப்பத்து ஆட்கள். அவருடைய குழிக்குத் தாங்கள் தீ வைத்தால் அது அவருக்கு நெருப்புக் கொடுத்ததுதானே என்று பந்தத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். வெளியாட்களுக்குச் சொல்லி அனுப்பினார். உள்ளூர்க் கட்டுப்பாட்டுக்கு நடுவே நுழைய எவரும் வரவில்லை. கசடு குழி விளிம்புவரை ஏறியது.

இப்போது லாரியில் ஏற்றி எங்கோ கொண்டுபோகிறார்கள். எங்கே என்று கேட்டால் கம்பெனியில் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். சிவந்தியின் கருவாட்டில் உப்பு வாசனை மட்டும் வீசுகிறது. கலீலுல்லா பழையபடி எடுத்துக்கொள்கிறார்.

சுப்புராயனையும் பார்த்தேன். "அஞ்சு ரூபாய்தானே சார், கட்டிவிடலாமே," என்றேன்.

"கோர்ட்டில் கட்டினது கம்பெனி செலவு. இதைக் கட்டினால் நான் தப்புச் செய்தவன் ஆகிவிடுவேனே," என்றார். அவர் வாயில் பற்றவைக்காத சிகரெட்.

ஊர் வம்பு தீரட்டும் என்று நானே ஐந்து ரூபாயை எடுத்துச் சிவந்தியிடம் நீட்டினேன். அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்:

"நீ கட்னா உன் குத்தமா பூடும், நைனா. அவுரு கையாலதான் வரணும்."

இந்த வாரம்வரை வரவில்லை.