மீனியல்ஸ் – 3

நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தைப் பெருக்கியவரின் பெயர் என்ன? வாத்தியார் பெயரைக் கேட்கவில்லை. பெருக்கியவர் பெயர். யோசிக்காமல் சொல்லுங்கள்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தைப் பத்தொன்பது வருடமாகப் பெருக்கிக்கொண்டிருந்தவர் சீனித்தாய். நாகலாபுரத்தில் தொடர்ந்து மழை பொய்த்தபோது கணவரோடு கிளம்பி வந்தவர். முதலில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை, பிறகு இந்தப் பள்ளிக்கூடம். ஆடிக்காற்றில் பெஞ்சுகளின் மேல் கரிசல் புழுதி படியும். ஏழு மணிக்குத் துடைத்தது பத்து மணிக்கு மறுபடி கறுத்திருக்கும். உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. அறிவொளி முதியோர் வகுப்பில்கூட நின்றுகொண்டேதான் எழுத்துப் படித்தார்.

1998இல் பள்ளிக்குப் பொன்விழா. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே புதிதாக ஒரு கறுப்புப் பலகை மாட்டினார்கள். பெயிண்டர் ராஜமணி அதில் பணியாளர் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியரில் தொடங்கி எழுத்தர் வரை இருபத்தெட்டுப் பெயர்கள்.

"எம்பேரு எங்கன இருக்கு?" என்று கேட்டார் சீனித்தாய்.

"கடைசி வரியில இருக்குக்கா."

"வாசி, கேப்போம்."

"மீனியல்ஸ், மூணு."

"அதுல நான் எத்தனாவது?"

"அது பெயிண்டருக்குத் தெரியுமாக்கா? சீட்டுல குடுத்தத எழுதுதேன்."

அந்த மூன்று பேர் சீனித்தாய், அவரோடு பெருக்கும் வள்ளிமயில், வாட்ச்மேன் கொம்பையா. அன்று முழுக்கச் சீனித்தாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார். ஆங்கில ஆசிரியர் நவநீதகிருஷ்ணன் வகுப்பை முடித்து வரும்வரை வாசலில் நின்று பிடித்துக்கொண்டார்.

"சார், மீனியலுன்னா ஏச்சா?"

நவநீதகிருஷ்ணன் நல்லவர். யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அதனாலேயே யாருக்கும் உதவாதவர். அகராதியைப் புரட்டிச் சமாதானம் சொன்னார். தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் பிரான்சிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் அவர்கள் பேச்சே நடந்தது. அந்த வழியில் நுழைந்த சொல் இது. வீட்டைச் சேர்ந்தவர் என்பதுதான் பழைய பொருள்.

"பாத்தியாம்மா, கெட்ட வார்த்தையே இல்ல. வீட்டாளு."

"வீட்டாளுன்னா பேரு இருக்கணுமே சார். உங்க ரேஷன் கார்டுல 'ஆளுக மூணு'ன்னா போட்டிருக்கு?"

அவர் அகராதியை மூடிவிட்டார். பதில் அதே அகராதியில் இருந்தது, அந்த அடுத்த வரியை அவர் படித்துக் காட்டவில்லை. வீட்டைச் சேர்ந்தவர் வீட்டு வேலைக்காரர் ஆனார். பிறகு மதிப்பில்லாத எந்த வேலைக்கும் அதுவே பெயர் என்றாயிற்று. 'ஜென்டில்' என்ற சொல்லும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். நல்ல குடும்பத்தில் பிறந்தவன் என்ற பொருளில் நுழைந்து, மென்மையான குணத்துக்குப் பெயராகிவிட்டது. 'வில்லன்' பிரபுவின் நிலத்தில் உழுதவன், அவன் கொடியவனாகிவிட்டான். பிறப்பால் உயர்ந்தவன் பெயர் குணமாகவும் ஏர் பிடித்தவன் பெயர் வசவாகவும் மாறியது தற்செயலா? எழுதுகோல் யார் கையில் இருந்தது என்று பாருங்கள்.

மறுநாள் சீனித்தாய் தலைமையாசிரியர் சங்கரபாண்டியனிடம் போய், மூன்று பேர் பெயரையும் எழுதவேண்டும் என்றார். அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு சொல்லை மாற்றினார். ராஜமணி கடைசி வரியைக் கறுப்படித்து மறைத்து, 'அட்டெண்டன்ட்ஸ் – 3' என்று எழுதிவிட்டுப் போனார். இதுவும் பிரெஞ்சு வழியே வந்த சொல்தான். பலகை நாகரிகமாகிவிட்டது. எண் அப்படியே இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் காலையில், பலகையின் அடியில் மிச்சமிருந்த கறுப்பில், சாக்பீஸால் எழுதிய மூன்று பெயர்கள் தமிழில் ஏறியும் இறங்கியும் நின்றன. சீனித்தாய். வள்ளிமயில். கொம்பையா.

"யாரு வேலை இது?" என்றார் சங்கரபாண்டியன்.

"நாந்தான் சார்."

"நாளைக்கு சீஃப் கெஸ்ட் வாராரு. மொதல்ல அத அழி."

ஈரத்துணி சீனித்தாய் கையில்தான் இருந்தது. பத்தொன்பது வருடமாகியும் வேலை நிரந்தரமில்லை. ஒரு வார்த்தையில் போய்விடும். அது அவருக்குத் தெரியும்.

"எல்லாத்தையும் தொடைக்கேன் சார். எம்பேர நானே அழிக்க மாட்டேன். இந்தாங்க, நீங்க அழிச்சுக்கிடுங்க."

துணியை நீட்டினார். அழுக்குத் தண்ணீர் சொட்டியது. தலைமையாசிரியர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தன் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். வள்ளிமயிலைக் கூப்பிட்டார்கள்.

"எம்பேரும் இருக்குல்லா சார்," என்றார் அவர்.

கொம்பையா கேட்டை விட்டு வரவேயில்லை. சுற்றி நின்ற ஆசிரியர்களில் ஒரு கைகூட நீளவில்லை. சீனித்தாய் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் துணியைத் தொட்டால் தங்கள் மதிப்புப் போய்விடும் என்ற பயம். எந்த வழக்கம் மூன்று பெயர்களை விழுங்கியதோ, அதே வழக்கம் அன்றைக்கு அவற்றைக் காப்பாற்றியது.

சீஃப் கெஸ்ட் அந்தப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீனித்தாயை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காததால் அடங்கியது. காற்றில் எழுத்து மங்கும்போதெல்லாம் திங்கட்கிழமை காலையில் அவரே மறுபடி எழுதினார். 2004இல் முழங்கால் வலியோடு வேலையை விட்டார். அதற்குப் பிறகு எழுத ஆளில்லை. அடுத்த ஆடிக்குள் பெயர்கள் போய்விட்டன. பெயிண்டில் எழுதிய 3 மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

நாளைக் காலையில் உங்கள் பள்ளியிலோ ஆபீஸிலோ பலகையின் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள். அங்கே பெயருக்குப் பதில் எண் இருந்தால், அந்த ஆட்களிடமே போய்ப் பெயரைக் கேளுங்கள். கேட்டதை எழுதவையுங்கள். பெயிண்டில் எழுதவையுங்கள், சாக்பீஸ் போதாது.