இரண்டு கம்பங்களுக்கு நடுவே

"இருபத்தாறு. நேத்து இருபத்துமூணு. என்ன சார், உடம்புக்கு ஏதாவது?"

பூங்காவின் இரண்டாவது விளக்குக் கம்பத்தடியில் நின்று ஸ்டாப்வாட்ச்சை அமுக்கியபடி கேட்கிறார் டைம் கீப்பர். வீட்டிலிருந்து நன்றாகத்தான் கிளம்பியிருந்தார் ஓய்வுபெற்ற தபால்காரர். இப்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக உட்கார்ந்து, தாமதமாக வந்த ஓட்டுநர்களுக்கெல்லாம் மெமோ கொடுத்தவர். ஓய்வுபெற்றதும் பூங்காவில் நடக்கிற எங்களைப் பிடித்துக்கொண்டார். வயதானவர்களின் நடை வேகம் குறைந்தால் உள்ளே ஏதோ கோளாறு என்று எந்தப் பத்திரிகையிலோ படித்துவிட்டார். எங்களுக்குப் பிடித்தது சனி. கம்பத்துக்குக் கம்பம் இருபது மீட்டர், அவரே டேப் வைத்து அளந்தது. என் பெயருக்கு நேரே இருபத்துநான்கு செகண்ட் என்று எழுதிவிட்டு, "பரவாயில்ல, இந்த வருஷம் தாண்டிடுவீங்க" என்று ஆறுதல் சொன்னார்.

"இந்த ஆளு கண்ணுல படாம நடந்தாலே ஆயுசு கூடும்" என்கிறார் தபால்காரர், டைம் கீப்பர் காதில் விழாத தூரம் போன பிறகு.

டைம் கீப்பரின் நேரம் பதினேழு. கேட்காமலே சொல்வார். மனைவி பத்தடி பின்னால் வருவார். "நான் பாயின்ட் டு பாயின்ட். இவ எல்லா ஸ்டாப்புலயும் நிப்பா." அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "நீங்க போங்க, நான் வர்றேன்" என்பார்.

போன மாதம் டைம் கீப்பர் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தார். முதல் நாள் இருபத்தைந்து. செருப்பு சரியில்லை என்றார். புது ஷூ வந்தது, இருபத்தேழு. "கம்பத்தை யாரோ தள்ளி நட்டிருக்காங்க" என்று டேப்போடு வந்து மறுபடி அளந்தார். கம்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றிலிருந்து தன் நேரத்தை வெளியே சொல்வதில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுதுகிறார். மனிதர் பயந்துவிட்டார். எங்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, பொய் சொல்வானேன்.

நேற்றுக் கணவனும் மனைவியும் முதல் கம்பத்திலிருந்து சேர்ந்தே கிளம்பினார்கள். அந்த அம்மா வழக்கமான நடைதான் நடந்தார். பாதி வழியில் அந்த அம்மா மூன்றடி முந்திவிட்டதைத் தபால்காரர் என் விலாவில் இடித்துக் காட்டினார். பின்னால் மூச்சு வாங்குவது கேட்டிருக்க வேண்டும். அந்த அம்மா நின்றார்.

"செருப்புல கல்லு. நீங்க போங்க, நான் வர்றேன்."

"பாத்தீங்களா, எல்லா... ஸ்டாப்புலயும்..." என்று எங்களிடம் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே அவர் தாண்டிப் போனார்.

அந்த அம்மா செருப்பைக் கழற்றித் தட்டினார். ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்து, கம்பத்துக்குக் கணவர் இன்னும் நாலடி தள்ளியே இருப்பதைப் பார்த்தார். பிறகு மற்றக் கால் செருப்பையும் கழற்றித் தட்டத் தொடங்கினார்.