ஓரகத்தியின் மைக்ரோ ஆர்என்ஏ

ஆய்வகத்தில் அவளைப் பெரியவங்க என்றும், அவளுடைய ஓரகத்தியைச் சின்னவங்க என்றும் கூப்பிடுவார்கள். வீட்டு வழக்கம் அங்கேயும் தொற்றிக்கொண்டது. கொழுந்தன் மனைவியை வேலைக்குச் சிபாரிசு செய்தவளே பெரியவள்தான். "நம்ம வீட்டுப் பொண்ணு சார், கை சுத்தம்" என்று தலைமை ஆய்வாளரிடம் சொல்லியிருந்தாள்.

இருவருக்கும் கல்லீரல் புற்றுநோயில்தான் ஆராய்ச்சி. உயிரணுக்களுக்குள் மைக்ரோ ஆர்என்ஏ என்று பொடிப்பொடித் துண்டுகள் உண்டு. எந்தப் புரதமும் அளவு மீறாமல் அவை அடக்கி வைக்கும். ஈரலில் புற்று வைக்கும்போது அவற்றில் சில குறைந்துபோகும். கேட்க ஆளில்லாத உயிரணுக்கள் கண்டபடி பெருகும். குறைந்துபோனதைத் திரும்ப உள்ளே செலுத்தினால் பெருக்கம் நிற்குமா என்பதுதான் கேள்வி. அப்படி ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டிருந்ததிலேயே பெரியவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அது ஒரு முறை ஆசை காட்டும், மறுமுறை கையை விரிக்கும். சின்னவள் வந்த மறுவருஷமே வேறொரு துண்டை எடுத்தாள். அவளுடைய சோதனைத் தட்டுகளில் புற்றணுக்கள் வளராமல் நின்றுவிட்டன.

"சின்னவ ஏதோ கண்டுபிடிச்சிட்டாளாமே" என்றார் மாமியார், சாப்பாட்டு மேசையில். "நீ எத்தனை வருஷமா அங்க போறே?"

"முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைச்சிடுச்சு" என்று கணவர் சிரித்தார்.

பெரியவளும் சிரித்தாள். வயிறு எரிந்தது. சின்னவள் தலைக்கனம் பிடித்தவளாக இருந்தாலாவது வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். அவளோ தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சின்னவளின் ஆய்வுக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் இன்னொருவர் அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். தலைமை ஆய்வாளர் பெரியவளைத்தான் கேட்டார்.

நுண்ணோக்கியில் பார்த்தபோதே தெரிந்தது: தான் வளர்த்த உயிரணுக்கள் தட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசலில் துண்டு உள்ளே சரியாக இறங்காது. தட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். அவள் கொட்டவில்லை. துண்டு கலந்த மருந்தை அப்படியே ஊற்றினாள். புற்றணுக்கள் தம் பாட்டுக்கு வளர்ந்தன.

"எனக்கு அந்த முடிவு வரலை சார்" என்றாள் கூட்டத்தில். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. கட்டுரை நின்றது. அந்த வாரம் பெரியவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் சின்னவள் அவள் மேசைக்கு வந்தாள். "அக்கா, நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன். இதை மூட்டை கட்டி வச்சிட்டு உங்க வேலையிலயே சேர்ந்துக்கறேன். சேர்த்துக்குவீங்களா?"

வேண்டியது தானாக வந்து மடியில் விழுந்தது. பெரியவளால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. உண்மையான ஒன்றை இவள் தன் கையாலேயே புதைக்கப் போகிறாள். குழியை வெட்டியவளோ பெரியவள்.

"கொஞ்சம் பொறு" என்றாள். உயிரணுக்களை நெரிசல் இல்லாமல் இடைவெளி விட்டுத் தூவி மறுபடி செய்தாள். நின்றுவிட்டன. சந்தேகத்துக்கு இன்னொரு முறை செய்தாள். அப்போதும் நின்றன. சின்னவளைக் கூட்டிக்கொண்டு தலைமை ஆய்வாளர் அறைக்குப் போனாள்.

"அவளோடது சரிதான் சார். போன தடவை என் தட்டு நெரிசலா இருந்தது. பார்த்துட்டுத்தான் ஊத்தினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

வெளியே வந்ததும் சின்னவள் கேட்டாள்: "ஏன்க்கா?"

"பொறாமை. வேற என்ன."

சின்னவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மாதம் பேசவில்லை. மாமியார் காரணம் கேட்டார், இருவருமே சொல்லவில்லை. கட்டுரை சின்னவள் பெயரை முதலில் தாங்கி வந்தது. அதைப் படித்தபோதும் பெரியவளுக்கு எரியத்தான் செய்தது.

அடுத்து எலிகளில் சோதிக்க வேண்டும். சரிபார்க்க வெளியாள் யாரையாவது போடலாம் என்றார் தலைமை ஆய்வாளர்.

"அக்காவே செய்யட்டும் சார்" என்றாள் சின்னவள். "தப்பு நடந்தா அவங்க வாயாலயே சொல்லிடுவாங்க."

அதைக் கேட்டபோது பெரியவளுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. கண்டுபிடிப்பு மட்டுமல்ல, இந்த மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே. கையுறையை மாட்டிக்கொண்டு எலிக்கூடுகள் இருந்த அறைக்குப் போனாள்.