பந்தயத் திடல் குளமும் அத்தையின் முளைப்பாரியும்

“முளைப்பாரி. குதிரைப் பந்தயமும் இன்றே. கடையில் நல்ல கூட்டம்.” இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த என் தகப்பனார், தம் பஞ்சாங்கத்தில் பரிதாபி ஆண்டு ஆடி மாதப் பக்கத்தின் ஓரத்தில் இப்படிக் குறித்திருக்கிறார். ஆங்கிலக் கணக்கில் 1912. ரயில் பதுளைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அன்று பதுளையில் ஒரு சிறு குளம் இருந்தது. அதைச் சுற்றியே பந்தயத் திடல். தண்ணீருக்குப் போக வேண்டுமானால் குதிரைகள் ஓடும் பாதையைக் கடக்க வேண்டும். மற்ற நாட்களில் அதில் தொல்லை இல்லை. ஆனால் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பந்தயம் பார்க்கப் போகும் நாளில்தான் தேயிலைத் தோட்டத்துக்கு லீவு கிடைக்கும். லீவு கிடைத்த நாளில்தான் எங்கள் பெண்களுக்கு மாரியம்மன் திருவிழா.

என் அத்தை தோட்டத்திலிருந்து முளைப்பாரிச் சட்டியோடு வந்திருந்தாள். மகளுக்கு அம்மை இறங்கினால் முளைப்பாரி வளர்த்துக் குளத்தில் கரைப்பதாக அவளுக்கு நேர்த்திக்கடன். அம்மை இறங்கிவிட்டது. கடனில் குறை வைத்தால் திரும்பி வரும் என்பது அவள் பயம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இருட்டு மூலையில் யார் கண்ணும் படாமல் வளர்த்த பயிர் வெளிர் மஞ்சளாக, ஒரு முழ உயரம் நின்றது.

திடலின் வாசலை அடைத்துவிட்டார்கள். பந்தயம் முடியட்டும் என்று பெண்கள் தலையிலிருந்து சட்டியை இறக்காமல் வேலியோரம் நின்றார்கள். நானும் அத்தையின் பக்கத்தில் நின்றேன். வேலிக்கு அப்பால் ஒரு செந்நிறக் குதிரை தன் முறைக்குக் காத்திருந்தது. அது கழுத்தை நீட்டியதை யாரும் கவனிக்கவில்லை.

“அசையாதடி,” என்றாள் பின்னால் நின்ற கிழவி. “ஒந் தலையில குதிரை மேயுது.”

அத்தை திரும்புவதற்குள் பாதிப் பயிர் போய்விட்டது.

“கொள்ளுப் பயறைத் தவிர எதையும் தொடாத குதிரைம்மா இது,” என்று குதிரைக்காரர் கடிவாளத்தை இழுத்தார்.

“அய்யனாரு வாகனம். வந்து வாங்கிக்கிச்சுன்னு நெனச்சுக்க,” என்றாள் கிழவி.

“மாரிக்கு நேந்தத அய்யனாரு எதுக்கு வாங்குறாரு?” என்றாள் அத்தை.

“ஒரே ஊரு சாமிங்கதானே. பேசிக்குவாங்க.”

சிலர் சிரித்தார்கள். அத்தையின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த குதிரைக்காரர், “இது ஜெயிச்சா ஆத்தா ஏத்துக்கிட்டான்னு வச்சுக்கம்மா,” என்றார்.

“தோத்தா?”

அவர் குதிரையை நடத்திக்கொண்டு போனார்.

கூடாரங்கள் மறைத்ததால் எங்களுக்குப் பந்தயம் தெரியவில்லை; இரைச்சல்தான் கேட்டது. வாசல் திறந்ததும் அத்தை மிச்சப் பயிரைக் கரைத்தாள். கரையேறியதும் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் மறித்துக் கேட்டாள். ஒருவர் செந்நிறக் குதிரைதான் முதல் என்றார். இன்னொருவர் அது இரண்டாவது என்றார். அத்தை முதலில் சொன்னவரை நம்பினாள். அன்றிரவு எங்கள் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டாள். மகளுக்கு மறுபடி அம்மை வரவில்லை.

அந்த வாரத்து ஆங்கிலப் பத்திரிகையைப் பிற்காலத்தில் தேடிப் படித்தேன். வென்ற குதிரையின் பெயரும் அதன் சொந்தக்காரர் பெயரும் இருந்தன, நிறம் இல்லை. அத்தையின் பயிரைத் தின்ற குதிரைக்கு என்ன பெயர் என்று எங்களில் எவரும் அன்று கேட்டு வைக்கவில்லை. ஆகவே அது வென்றதா என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.